ஆற்றாத காபி

பெங்களூருக்குப் போனபோது என் மனைவி இந்த வீட்டில் இரண்டே பொருட்களைத்தான் விட்டுவிட்டுப் போனாள். ஒன்று, பீரோவின் மேல்தட்டில் இருந்த பட்டுப்புடவைகள். இன்னொன்று, மாடி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எஸ்பிரெஸ்ஸோ மெஷின். என்னையும் சேர்த்தால் மூன்று. அன்றைக்கு அப்படிக் கணக்குப் போட எனக்குத் தோன்றவில்லை.

அவளுடைய சுழல் நாற்காலி, கம்ப்யூட்டர் திரைகள், புத்தக மூட்டை எல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் ஏறிவிட்டன. மெஷினையும் தூக்கப்போன டிரைவரை அவளே தடுத்தாள். "அது இங்கயே இருக்கட்டும்ணா. நான் வரும்போது காபிக்கு என்ன பண்றது?" என்றாள். அந்த 'வரும்போது' என்கிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை மாதம் தொங்கினேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. படித்தவன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன், ஒரு சொல்லை நம்பி இப்படியா உட்கார்ந்திருப்பான்!

நான் அனந்தபுரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வீடு செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. கீழ்வீட்டில் அம்மா. மாடியில் நாங்கள். நைனா இறந்து வெகுகாலம் ஆகிறது. என் மனைவி வேலூர்க்காரி, பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணம் பேசியபோது அந்தக் கம்பெனி எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருந்தது. அதனால்தான் இந்தச் சம்பந்தமே கூடிவந்தது. பெண்ணுக்கு வீட்டில் உட்கார்ந்தே சம்பளம், பையனுக்குச் சர்க்கார் வேலை என்று இரண்டு பக்கமும் சந்தோஷப்பட்டார்கள். கம்பெனி மனம் மாறினால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சீர்வரிசையோடு மிக்ஸி, கிரைண்டர், கட்டில் எல்லாம் வந்தன. இந்த மெஷின் மட்டும் சீரில் சேராது. அவள் தன் சம்பளத்தில் வாங்கியது. வேலூரிலிருந்து வரும்போது காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, தையல் மெசினா?" என்று கேட்டார். காபி மெஷின் என்றதும், "ரெண்டு பேருக்குக் காபி போட மெசினா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

முதல் தடவை அவள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயகன்ற பீங்கான் கப். மேலே வழுவழுப்பான பால், அதில் பழுப்பு நிறத்தில் ஓர் இலை. கோலம் மாதிரி இருக்கிறதே என்று ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு இந்த ஊரில் பிறந்த எவனும் செய்வதைத்தான் செய்தேன். இன்னொரு பாத்திரம் எங்கே என்று தேடினேன். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, கையை உயர்த்தி, கப்பிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து கப்புக்குமாக ஆற்ற ஆரம்பித்தேன்.

"ஐயோ, கொன்னுட்டியே!" என்று கத்தினாள்.

கீழேயிருந்து அம்மா, "இன்னாம்மா ஆச்சு? பல்லி கில்லி உய்ந்துதா?" என்று குரல் கொடுத்தார். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத ஆத்தக் கூடாதுப்பா. குடிக்கிற சூட்டுலதான் பாலை நிறுத்தியிருக்கேன். ஆத்துனா அந்த நுரை அவ்ளோதான், செத்துடும். அப்படியே எடுத்துக் குடி" என்றாள். நான் கொன்ற காபியை அவளே குடித்துவிட்டு எனக்கு வேறு போட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் பழக்க தோஷத்தில் என் கை டம்ளர் பக்கம் போகும்போதெல்லாம், "ஏய், ஆத்தாத!" என்று ஒரு சத்தம் வரும். அம்மா எதிரில் என்னை 'நீங்க' என்பாள், 'என்னங்க' என்பாள். மாடிப்படி ஏறியதும் அது 'நீ' ஆகிவிடும். அந்த 'நீ'யைக் கேட்பதற்காகவே நான் பள்ளிவிட்டு வந்ததும் நேராக மாடிக்குப் போவேன்.

எங்கள் பக்கம் ஆற்றாமல் காபி கொடுத்தால் கொடுத்தவருக்கு மரியாதை தெரியவில்லை என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மாஸ்டர் எவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றுகிறார் என்று பார்த்துத்தான் கடைக்குக் கூட்டமே வரும். அழுகிற குழந்தையை ஆற்றுவதும், செத்த வீட்டுக்காரர்களை ஆற்றுவதும் எங்களுக்கு இதே வார்த்தைதான். ஆற்றாமல் குடிக்கிற காபியும் உலகத்தில் உண்டு என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

பிறகு கம்பெனி மனம் மாறியது. எல்லாரும் ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்று கடிதம் வந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது நிம்மதி. அதை நான் பார்த்தேன். பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போவதற்கு முந்தின வாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். சித்திரை மாசம். பொழுது சாய்ந்த பிறகும் கோட்டை மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ஊர்மேல் திருப்பிக் கொட்டிக்கொண்டிருந்தன. "இங்க உனக்கு என்னதான் கொறை?" என்று கேட்டேன். சண்டையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். "குறைன்னு ஒண்ணும் இல்ல. வெளிய போய் ஒரு காபி குடிச்சிட்டு வரலாம்னா இந்த ஊர்ல ஒரு இடம் இல்ல, கூட வர ஒரு ஆள் இல்ல. அவ்ளோதான்" என்றாள்.

இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாகப் புரிந்துகொள்ளலாம். என் காதில் விழுந்தது 'காபி' மட்டும்தான். இயற்பியல்காரனின் புத்தி அப்படி. எதைச் சரிசெய்ய முடியுமோ அதையே பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளும். ஊரை மாற்ற என்னால் முடியாது. காபி போடக் கற்றுக்கொள்ள முடியும். அவள் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி சனிக்கிழமை காலையில் வந்து இறங்கும்போது, பெங்களூரில்கூடக் கிடைக்காத காபி ஒன்று மாடியில் அவளுக்காகக் காத்திருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது இதைத் தவிர என் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை.

முதல் நாள் நான் செய்த வேலையை எந்தப் பெங்களூர்க்காரனும் செய்திருக்க மாட்டான். கீழே போய் அம்மாவின் டப்பாவிலிருந்து காபித்தூளை எடுத்துக்கொண்டு வந்தேன். கடைவீதியில் வழக்கமாக வாங்கும் தூள், சிக்கரி கலந்தது. மெஷினின் கைப்பிடியில் இருக்கும் சல்லடைக் கிண்ணத்தில் அதை நிறையப் போட்டு, பலம்கொண்ட மட்டும் அமுக்கி, மாட்டி, சுவிட்சைத் தட்டினேன். மெஷின் முனகியது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. சிக்கரி தண்ணீரைக் குடித்துப் பிசினாக ஊதி அடைத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? சரி, கழற்றிப் பார்ப்போம் என்று கைப்பிடியைத் திருகினேன். உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் பட்டென்று வெடித்து, சட்டை, முகம், சுவர், ஜன்னல் கம்பி எல்லாம் காபிச் சக்கை. சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அவளுக்குப் போன் செய்து சொன்னேன். "சிக்கரி போட்டியா? லூசு!" என்று சிரித்தாள். பின்னால் யாரோ என்ன என்று கேட்க, அவர்களுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு. அதிலிருந்து எனக்குத் தினமும் ஒரு சந்தேகம் வர ஆரம்பித்தது. பாதிச் சந்தேகம் நிஜம், பாதி அவள் குரலைக் கேட்பதற்கு.

அவளும் முதலில் சலிக்காமல் சொல்லித்தந்தாள். கூரியரில் வறுத்த கொட்டையும் கையால் சுற்றி அரைக்கிற சின்ன மெஷின் ஒன்றும் அனுப்பினாள். குரல் செய்திகளாக அனுப்புவாள். "கொரகொரன்னு அரைச்சா தண்ணி நேரா ஓடிடும், புளிக்கும். ரொம்ப நைசா அரைச்சா சொட்டுச் சொட்டா இறங்கும், கசக்கும். எலி வால் மாதிரி மெல்லிசா, விடாம இறங்கணும்." எலி வாலைத் தேடி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் அதே அரைப்பில் வேப்பெண்ணெய் மாதிரி கசக்கும். மழைக்காற்று அடித்தால் ஒரு மாதிரி, வெயில் காய்ந்தால் ஒரு மாதிரி. விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும், அப்போது மெஷினுக்கு மூச்சே வராது. போர் தண்ணீரை ஊற்றி உள்ளே உப்புப் படிந்து ஒரு வாரம் மெஷின் படுத்துக்கொண்டது. அதற்கு மேல் கேன் தண்ணீர். வகுப்பறையில் அழுத்தம், வெப்பம், கொதிநிலை என்று போர்டில் எழுதிப் பிள்ளைகளை மிரட்டியவனுக்கு ஒரு சின்ன கப்பில் அவ்வளவும் சேர்ந்து அல்வா கொடுத்தன.

காபியாவது பரவாயில்லை. பால்தான் என்னை அழவைத்தது. நீராவிக் குழாயைப் பாலில் விட்டால் சோப்புத் தண்ணீர் போலப் பெரிய பெரிய குமிழிகள் வந்தனவே தவிர, அவள் போடுகிற வழுவழுப்பு வரவே இல்லை. குழாய் முனையில் ஆடை ஒட்டிக்கொண்டு தொங்கியது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "ஆடை எப்படி வந்தது? காய்ச்சின பாலா?" என்று கேட்டாள். ஆமாம், எங்கள் வீட்டில் பால் வந்த மறுநிமிடம் அடுப்பில் ஏறி, பொங்கி, இறங்கிவிடும். காய்ச்சாத பால் என்று ஒன்று வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. "பச்சைப் பால்தான் வேணும். ஃப்ரிட்ஜ்ல வச்சு ஜில்லுனு எடு" என்றாள்.

அம்மாவிடம் போய், நாளையிலிருந்து எனக்கென்று கொஞ்சம் பாலைக் காய்ச்சாமல் எடுத்துவை என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பச்சப் பாலா? புத்துக்கு ஊத்துவாங்க, பொணத்துக்கு ஊத்துவாங்க. மனுசன் குடிப்பானா அத?"

"சூடு பண்ணித்தான் குடிப்போம்மா."

"பொங்குமா?"

"பொங்க உடக் கூடாது."

"பொங்காத பாலு இன்னா பாலுடா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனாலும் மறுநாளிலிருந்து ஒரு சின்னச் சொம்பில் பச்சைப் பாலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார். யாருக்காக இத்தனை பாடு என்று அவருக்குத் தெரியும். "எப்ப வராளாம்?" என்று மட்டும் கேட்பார்.

முதலில் வாராவாரம் வந்தாள். சனிக்கிழமை காலையில் நான் போட்ட காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்ல, தேறிட்ட" என்பாள். பிறகு அவளே எழுந்துபோய் வேறு போட்டுக்கொள்வாள். அப்புறம் மாதம் ஒரு முறை. அப்புறம் புது வேலை வந்திருக்கிறது, டென்ஷனாக இருக்கிறது, லீவு போட முடியவில்லை. அவள் வராத வாரங்களில் நான் இன்னும் மூர்க்கமாகப் பழகினேன். அடுத்த தடவை வரும்போது அவள் எழுந்துபோய் வேறு போட்டுக்கொள்ளக் கூடாது. அந்த ஒன்றைத்தான் குறியாக வைத்திருந்தேன்.

பாலுக்காக அவள் அனுப்பிய ஒரு குரல் செய்தி இருந்தது. அவள் அங்கே ஒரு மெஷின் முன்னால் நின்று, பால் சுற்றுகிற சத்தத்தோடு பேசி அனுப்பியது. "இப்ப குழாய் மூக்கு பால்மேல சும்மா தொட்டுக்கிட்டு இருக்கணும். பேப்பர் கிழியிற மாதிரி ச்ச்னு ஒரு சத்தம் வருதா? ம், அது போதும். இப்ப மூக்க உள்ள விடு. பால் சுத்தட்டும். கைய கீழ வச்சுப் பாரு. கை தாங்கல இல்ல? நிறுத்து. நிறுத்து, நிறுத்து." போனை ஜன்னலில் சாய்த்துவைத்து, அதை ஓடவிட்டு, அதற்கேற்ப நானும் செய்வேன். அவள் 'நிறுத்து' என்றால் நிறுத்துவேன். வேறு யாரோடும் அந்த வீட்டில் நான் அவ்வளவு இணக்கமாக இருந்ததில்லை. அந்தச் செய்தியில் 'நிறுத்து'க்குப் பிறகு ஒரு ஆண் குரல் ஏதோ கேட்கும், அவள் 'ஒன் மினிட்' என்பாள். அங்கேயே அது முடியும். அந்த மெஷின் யாருடையது, அந்தக் குரல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. ஆபீசில் நாலு பேர் இருப்பார்கள். கேட்டால் கேவலம் என்று விட்டுவிட்டேன். ஆனால் காலையில் தினமும் அந்த 'ஒன் மினிட்' வரைக்கும் ஓடவிட்டுத்தான் கேட்டேன்.

ஒரு நாள் சூட்டுக்கோல் பட்டதுபோல் நீராவி என் புறங்கையில் அடித்துவிட்டது. கொதிநீரைவிட நீராவி ஏன் அதிகமாகச் சுடும் என்பது பதினொன்றாம் வகுப்பில் நான் வருஷாவருஷம் நடத்துகிற பாடம். உள்ளுறை வெப்பம். கட்டுப்போட்ட கையோடு அதையே போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கும் கோபம் வரவில்லை. எழுதிக்கொண்டே போனேன்.

கை வெந்ததை அவளுக்கு எழுதினேன். மருந்து போட்டீங்களா என்று பதில் வந்தது. அந்த 'போட்டீங்களா'வை நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் இருப்பதாக நினைத்திருப்பாள், அல்லது கைதவறி வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் பாலில் ஒரு சந்தேகம் கேட்டேன். அவள் குரல் வரவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரன் பால் ஊற்றுகிற வீடியோவின் இணைப்பு வந்தது. கீழே, 'இதைப் பாருங்க, நல்லா சொல்றார்' என்றிருந்தது. அதற்குமேல் நான் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

காபி எனக்குக் கைவந்தது அதற்கப்புறம்தான். எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு காலையில் எலி வால் தானாக இறங்கியது. பேப்பர் கிழிகிற சத்தம் கேட்டது, பால் சுற்றியது, கை தாங்காத சூட்டில் நிறுத்தினேன். கப்பைச் சாய்த்து ஊற்றியபோது, என்னை மீறி, இலை விழுந்தது. கோணலாக, ஒரு பக்கம் கிழிந்த வாழை இலை மாதிரி இருந்தாலும் இலைதான். குடித்துப் பார்த்தேன். அவள் போட்ட காபி. வாய்க்குள் அவள் போட்ட அதே காபி. மாடி அறையில் நின்றுகொண்டே அழுதேன். சந்தோஷத்தில் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு இந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்த நாள் அதே மாதிரி ஒன்று போட்டு அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கப்பைத் தொட்டுப் பார்த்தார். "இன்னாடா, வெதுவெதுன்னு இருக்குது?" என்றார். நான் ஏதும் சொல்வதற்குள் எழுந்துபோய், அதைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்து, பொங்கவிட்டு, சர்க்கரை போட்டு, நன்றாக ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து குடித்தார். "ம், இப்ப நல்லாருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷத்தில் நான் சிரித்தது அநேகமாக அந்த ஒரு நாள்தான்.

பிறகு தினமும் போட்டேன், தினமும் நன்றாக வந்தது, தினமும் நானே குடித்தேன். நன்றாக வராத நாட்களில் நாளைக்குச் சரியாகும் என்று ஒரு பிடிப்பு இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. கற்றுக்கொள்ள ஒன்றும் பாக்கி இல்லை, அவள் வரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரில் இருக்கும் சிக்கரிக் கறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெள்ளிக்கிழமைகளில் ஆட்டுச் சந்தைக்கு வந்த வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, பள்ளியிலிருந்து திரும்புகிற பஸ் அதற்குள் மாட்டிக்கொள்ளும். ஆடுகள் கத்தும். பஸ்ஸில் எல்லாரும் அவசரப்படுவார்கள். எனக்கு மட்டும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய அவசரம் ஒன்றும் இருக்காது. அம்மா 'எப்ப வராளாம்' என்று கேட்பதை விட்டுவிட்டார். அவர் கேட்டபோது எரிந்து விழுந்தவன், கேட்காமல் விட்டதும் பயந்துபோனேன். அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. ஆனாலும் மெஷின் இங்கே இருக்கிறதே என்று மனசின் ஒரு மூலையில் ஒரு நம்பிக்கை இருந்தது. புடவையை எடுத்துப்போகலாம். மெஷினை எடுக்க வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். எடுக்காதவரைக்கும் 'வரும்போது' உயிரோடு இருக்கிறது. இப்படித்தான் என்னை நானே ஏமாற்றி வைத்திருந்தேன்.

ஒரு நாள் போன் செய்தாள். வேலூருக்கு வந்திருக்கிறாளாம். "நாளைக்கு அங்க வர்றேன். பட்டுப்புடவையெல்லாம் எடுத்துக்கணும். மத்தியானமே பெங்களூர் பஸ் புக் பண்ணியிருக்கேன்" என்றாள். சரி என்றேன். ஏதோ கல்யாணத்துக்காக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன், யாருக்கு என்று கேட்கவில்லை.

காலையில் பள்ளிக்கு லீவு சொன்னேன். பச்சைப் பால் ஃப்ரிட்ஜில் ஜில்லென்று இருந்தது. புதுக் கொட்டையைப் பிரித்தேன். மெஷினைத் துடைத்தேன். சுவர்க் கறையையும் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அவள் வந்து இறங்கியபோது கையில் ஒரு பெரிய பெட்டி. தூக்கிப் பார்த்தேன், காலியாக இருந்தது. அம்மா காலையிலேயே சமைத்திருந்தார். "சாப்டியாம்மா?" என்று கேட்டார். "வர்ற வழியில சாப்ட்டேன் அத்தை" என்றாள். அம்மா அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாடிக்கு வந்து பீரோவைத் திறந்தாள். ஒரு கல்யாணத்துக்கு ஒரு புடவை போதும். அவள் எல்லாவற்றையும் எடுத்தாள். ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபி போட்டேன். என் வாழ்க்கையில் நான் எந்த வேலையையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. கரண்ட் இருந்தது, வோல்டேஜ் இருந்தது, எலி வால் இறங்கியது. பால் பேப்பர் கிழிவதுபோல் சத்தம் போட்டது. பின்னால் புடவை மடிக்கிற சரசரப்பு ஒரு நிமிடம் நின்றது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. கை தாங்கவில்லை. நிறுத்தினேன். இலை விழுந்தது. கோணல் இல்லை, கிழிசல் இல்லை. அப்படி ஓர் இலை அதற்கு முன்னாலும் எனக்கு விழுந்ததில்லை, பின்னாலும் விழவில்லை.

கப்பை அவள் கையில் கொடுத்தேன். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று நான் காத்து நின்றேன்.

அவள் போன் அடித்தது. பஸ்காரர். அவர் குரல் எனக்கே கேட்டது. "மேடம், தீவனூர் தாண்டிட்டோம். ரோட்டுக்கு வந்து ரெடியா நில்லுங்க, நிக்க முடியாது." சரிங்க என்று போனை வைத்தாள். கப்பை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினாள். ஒரே மூச்சில் குடிக்க முடியாத சூடு. அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னொரு டம்ளர் இருக்கா?"

அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்து நானேதான் கொடுத்தேன். அவள் கையை உயர்த்தி கப்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றினாள். டம்ளரிலிருந்து கப்புக்கு. இலை எங்கேயோ போய்விட்டது. 'ஏய், ஆத்தாத' என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் சொல்லவில்லை. மறுபடியும் டம்ளருக்கு ஊற்றி, அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.

பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். நான் மெஷினைக் காட்டி, "இது?" என்று கேட்டேன். எப்படியோ கேட்டுவிட்டேன். 'இங்கயே இருக்கட்டும், வரும்போது வேணும்ல' என்று அவள் சொல்லிவிடுவாள் என்று ஒரு நொடி, அந்த நொடியிலும், நினைத்தேன்.

"நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். "இப்ப என்னைவிட நீங்கதான் நல்லா போடறீங்க."

மாடியில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் போனேன். நல்ல கனம். பஸ் வந்தது, ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையைக் காட்டினாள், நானும் காட்டினேன். திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தார். "மெசின எட்த்துக்கினு போலியா?" என்று கேட்டார். "இல்லம்மா, குடுத்துட்டா" என்றேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல மாடியில் காபி போட்டேன். நன்றாகத்தான் வந்தது. முந்தின நாள் அவள் குடித்த டம்ளர் அங்கேயே இருந்தது. கழுவாமல் அதை எடுத்தேன். கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, கப்பிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து கப்புக்குமாக, நுரை முழுக்கச் சாகும்வரை ஆற்றினேன். யாரும் கத்தவில்லை.